காற்றைத் தைப்பது

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அறியப்படும் வளைந்த சுவர்க் கட்டடம், கட்டியபோது ஐஸ் கிடங்கு. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் 1842-இல் எழுப்பியது. அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் உறைந்துபோன ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதம் கப்பலில் கிடந்த பிறகும் கட்டியாகவே இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. அதைக் காப்பாற்றிய பொருள் வெறும் மரத்தூள்.

கம்பளிப் போர்வை தைப்பது பற்றிய அத்தியாயத்தில் ஐஸ் எதற்கு என்று கேட்கலாம். மரத்தூள் செய்த வேலையைத்தான் கம்பளியும் செய்கிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு ஐஸ் துண்டுகளை எடுத்து, ஒன்றைத் தட்டில் அப்படியே வையுங்கள். மற்றதை பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு கம்பளிச் சால்வைக்குள் சுருட்டி வையுங்கள். தட்டில் இருப்பது தண்ணீரான பிறகும் சால்வைக்குள் இருப்பது கட்டியாக இருக்கும். ‘சூடான’ துணி ஐஸைக் காப்பாற்றிவிட்டது. கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் போகவிடாமல் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் தொழில். (இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது கொஞ்சம் தள்ளி வரும்.)

சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த குனுட் ஷ்மிட்-நீல்சன் 1950-களில் இதையே தலைகீழாகக் காட்டினார். ரோமத்தைக் கத்தரித்துவிட்ட ஒட்டகம், ரோமத்தோடு இருந்த ஒட்டகத்தைவிட சுமார் 50 சதவீதம் கூடுதலாக வியர்வையை இழந்தது. ரோமம் வெயிலை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தது. ஆகவே டிசம்பரில் தேடி எடுக்கிற பொருளை மே மாதத்தில் வெறுப்பது இயற்பியல்படி நியாயம் இல்லை. என்ன செய்வது, நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த நியாயத்தைப் பேசிப் பயனில்லை.

எந்தத் துணி குளிரை நன்றாகத் தடுக்கும் என்பதை ஒழுங்காக அளந்து பார்க்க முதலில் முனைந்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து, அங்கே பிரிட்டிஷாருக்கு ஒற்று வேலை பார்த்து, இங்கிலாந்துக்குத் தப்பி, பிறகு பவேரிய அரசிடம் சேர்ந்து ரம்ஃபோர்டு பிரபுவாக உயர்ந்த ஆசாமி. ராணுவத்துக்கு உடை தைக்க வேண்டியிருந்தது. செலவும் குறைய வேண்டும், சிப்பாயும் விறைக்கக் கூடாது. அவர் ஒரு வெப்பமானியைக் கண்ணாடிக் குமிழுக்குள் பொருத்தினார். இடைவெளியில் ஆட்டு ரோமம், பட்டு, பஞ்சு, பறவைத் தூவி என ஒவ்வொன்றாக அடைத்தார். கொதிநீரில் சூடாக்கி ஐஸ் நீரில் இறக்கி, பாதரசம் விழ எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். அடைத்த பொருளின் எடை சொற்பம், தாமதமோ கணிசம். அந்தப் பொருள் மட்டும் தடுத்திருக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. இழைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நின்ற காற்றுதான் காரணம். 1792-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது.

இன்றைய எண்கள் அவர் பக்கமே நிற்கின்றன. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026. (வாட், மீட்டர், கெல்வின் அலகில், இங்கே அலகைவிட விகிதம்தான் முக்கியம்.) கம்பளி இழையின் பொருளுக்கு அது 0.2-ஐ ஒட்டி, அதாவது காற்றைவிட ஏழெட்டு மடங்கு. தண்ணீருக்கு 0.6, இருபது மடங்குக்கும் மேல். கம்பளித் துணியாக அளந்தால் 0.04 பக்கம் வருகிறது, கிட்டத்தட்ட காற்றின் எண். துணியில் பெரும்பகுதி காற்றாக இருந்தால்தான் இப்படி வரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் 400 கிராம் எடையும் 3 மி.மீ. தடிமனும் உள்ள கம்பளித் துணியின் கன அளவு 3 லிட்டர். இழையின் அடர்த்தி 1.3 என்பதால் 400 கிராம் இழை பிடிக்கும் இடம் சுமார் 0.3 லிட்டர். மிச்சம் 2.7 லிட்டரும் காற்று. ஒன்றரை மீட்டர் சதுரமாக ஒரு மேல்போர்வை தைத்தால் ரோமம் 900 கிராம், காற்று 6 லிட்டர். நாம் காசு கொடுப்பது ரோமத்துக்கு. குளிரைத் தடுப்பது இனாமாக வந்த காற்று.

துணி தேர்ந்தெடுப்பது, கத்தரிப்பது, மெஷினில் ஓட்டுவது, இஸ்திரி போடுவது, துவைப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: இதனால் அந்த 6 லிட்டரில் எவ்வளவு போகும்? கேட்கத் தொடங்கினால் தையல்காரர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் பாதி, செய்யாமல் விடுவதுதான் என்று தெரியவரும்.

காற்றைப் பிடித்து வைக்கும் திறமை ஆட்டு ரோமத்துக்கு எங்கிருந்து வந்தது? பருத்தி இழை தட்டையாகப் படுத்துவிடும். நனைந்தால் இன்னும் படுக்கும். கம்பளி இழையோ சுருண்டே வளர்கிறது. 1953-இல் ஹோரியோ, கோண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் இழையின் குறுக்குவெட்டைச் சாயமேற்றிப் பார்த்தபோது, உள்ளே இரண்டு வகைத் திசு பக்கம் பக்கமாக ஓடுவது தெரிந்தது. ஈரத்துக்கும் உலர்வுக்கும் இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போவதால் இழை சுருள்கிறது. சுருண்ட இழைகள் எத்தனை நெருக்கமாக அடுக்கினாலும் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில்தான் காற்று.

அதற்கும் உள்ளே போனால் கெரட்டின் என்ற புரதம். நம் முடியும் நகமும் அதனால் ஆனவையே. ஜவுளி நகரமான லீட்ஸில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் கம்பளி இழையை எக்ஸ்-கதிரில் படமெடுத்தார். இழுக்காத இழைக்கு ஒரு படம், ஈரத்தில் இழுத்த இழைக்கு வேறு படம். மூலக்கூறு மடிந்து கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் திரும்புகிறது. அந்த மடிப்பு ஒரு சுருள்படி என்பதை 1951-இல் லைனஸ் பாலிங்கும் ஆய்வுத் துணைவர்களும் சரியாக வரைந்தார்கள். ஆக, இழையும் சுருள், அதன் மூலக்கூறும் சுருள். கம்பளி கசங்காமல் எழுந்து நிற்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

ஆஸ்ட்பரி பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. புரதம்தானே, ஆட்டிடமிருந்துதான் எடுக்க வேண்டுமா என்று யோசித்து, நிலக்கடலைப் புரதத்தை இழையாக நூற்கும் வழிக்கு அவர் துணைபோனார். ஐ.சி.ஐ. நிறுவனம் ஸ்காட்லாந்தில் ஆலை வைத்து ‘ஆர்டில்’ என்ற பெயரில் அதை விற்றது. ஆஸ்ட்பரி கடலைப் பருப்பில் நெய்த ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு நடமாடினார். 1950-களிலேயே ஆலை மூடப்பட்டது. நனைந்தால் அந்த இழை வலுவிழக்கும். ரோமத்தின் இரட்டைத் திசுவும் செதிலும் அதற்கு இல்லை. வேதியியல் ஒத்துப்போனது, கட்டமைப்பு ஒத்துப்போகவில்லை.

இனி கடைக்குப் போகலாம். குளிர்காலத்தில் ‘கம்பளி’ என்று நம் ஊர்களில் குவித்து விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பெட்ரோலியப் பொருளிலிருந்து வந்த இழை. அக்ரிலிக்கும் காற்றைப் பிடிக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்து நாம் செய்யப்போகிற எதுவும் அதில் பலிக்காது. கண்டுபிடிக்க ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி சிடுசிடுவென்று எரிந்து, தீயை எடுத்ததும் தானே அணையும். முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அந்த நாற்றம் கெரட்டினில் உள்ள கந்தகத்தின் கையெழுத்து. அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறினால் கடினமான கருப்பு மணியாக நிற்கும். இரண்டும் தெரிந்தால் கலப்புத் துணி.

அடுத்தது குத்தல். ‘எனக்குக் கம்பளி ஒவ்வாது’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஒவ்வாமை கிடையாது. பிரச்சினை இழையின் பருமன். துணியின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் இழை நுனி தோலைத் தொடும்போது, மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடும். தடித்ததாக இருந்தால் வளையாமல் ஊன்றி, வலியைச் சொல்லும் நரம்பு முனையைத் தூண்டும். ஒரு கம்பி வளைய எதிர்க்கும் பலம் அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 20 மைக்ரான் இழையை 30 மைக்ரான் ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்காகாது, ஐந்து மடங்காகும். அதனால்தான் 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்து கலந்திருந்தாலே துணி குத்தத் தொடங்குகிறது. மெரினோ ரோமம் 24 மைக்ரானுக்குள் அடங்கும். தக்காண ஆட்டு ரோமத்தில் நெய்த கருங்கம்பளி அதைவிட மிகத் தடிமன். மழைக்கும் பாறைக்கும் ஏற்ற பொருள், கழுத்துக்கு ஏற்றதல்ல. தமிழ்நாட்டின் மெல்லிய ரோமம் என்றால் நீலகிரி ஆடு. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவான வர்க்கம் அது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. குத்துகிற துணிதான் கையில் இருக்கிறதென்றால், உள்ளே கழுத்து மூடிய பருத்திச் சட்டை போட்டால் தீர்ந்தது. உட்புறம் முழுக்க லைனிங் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை கூடும், தையல் கூடும். இந்தப் போர்வையின் எளிமையே போய்விடும்.

கம்பளி இழையின் மேல்தோல், ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில் படிந்தது. செதில்களின் விளிம்பு எல்லாம் இழையின் நுனியை நோக்கி இருக்கும். வேரிலிருந்து நுனிப்பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் பிடிக்கும். சோப்பு நீரில் வெதுவெதுப்பாகப் போட்டுக் கசக்கும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக நகர்கிறது. திரும்பி வர முடிவதில்லை. மறுபடி கசக்கினால் இன்னும் கொஞ்சம் நகர்கிறது. துணி சுருங்கி, தடித்து, நெய்த கோடே தெரியாமல் இறுகிப்போகிறது. ஆசையாக வாங்கிய ஸ்வெட்டர் வாஷிங் மெஷினிலிருந்து குழந்தைச் சட்டையாக வெளிவரும் விபத்து இதுதான். அதே விபத்தைத் திட்டமிட்டுச் செய்தால் தொழில்நுட்பம். ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் லோடன் துணி இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் முன்பு பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைப் பாட்டின் தாளத்துக்குத் தட்டித் தட்டிச் சுற்றில் விடுவார்கள். நனைக்கப் பயன்பட்டது சேமித்து வைத்த பழைய சிறுநீர்; அதிலுள்ள அம்மோனியாவின் காரம் செதிலை விரிக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும். பாட்டு மட்டும் இன்று கச்சேரி மேடைக்கு வந்திருக்கிறது. மற்றது வரவில்லை, நல்லவேளை.

போர்வை தைப்பவருக்கு இந்த இறுக்கம் பெரிய வரம். இறுகிய துணியின் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பிரியாவிட்டால் ஓவர்லாக் வேண்டாம், மடித்து அடிக்க வேண்டாம். காற்று புகுவதும் குறைகிறது. வீட்டிலேயே செய்யலாம். முதலில் 20 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, சோப்பும் வெந்நீரும் விட்டு, பழைய ஜீன்ஸ் ஒன்றோடு மெஷினில் 60 டிகிரியில் ஓடவிடுங்கள். துண்டு 15 செ.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 25 சதவீதம் குறைந்தாலும் பரப்பு 400-இலிருந்து 225 ஆகிறது. அதே ரோமம் பாதியைச் சற்றுத் தாண்டிய இடத்தில் நெருங்கி நிற்கிறது. சதுர மீட்டருக்கு 250 கிராமாக இருந்த லேசான துணி 440 கிராமைத் தாண்டிவிடும். இந்த விகிதம் தெரிந்த பிறகே மொத்தத் துணியையும் மெஷினில் போட வேண்டும்: முடிவில் 150 செ.மீ. வேண்டுமானால் 200 செ.மீ. வாங்க வேண்டும். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருந்தால் எத்தனை முறை ஓடவிட்டாலும் ஒன்றும் நடக்காது. குளோரினால் செதிலை மழுக்கி, மேலே பிசின் பூசிய ரோமம் அது.

கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது என்றபோது சொன்ன அந்த விதிவிலக்குக்கு வருகிறேன். கம்பளி இழையின் வெளிப்புறம் கொழுப்புப் படலத்தால் தண்ணீர்த் துளியை உருட்டிவிடும். உட்புறமோ காற்றில் உள்ள ஈர ஆவிக்குப் பேராசை கொண்டது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. ஆவியாக அலைந்த நீர் மூலக்கூறு கெரட்டினில் போய் ஒட்டும்போது, ஆவியாவதற்காகச் செலவிட்ட வெப்பத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். உலர்ந்த அறையில் தொங்கிய நம் 900 கிராம் போர்வையில் ஈரம் பத்து சதவீதம் என்றால், பனிமூட்டத்துக்குள் போனதும் அது இருபதை நோக்கி ஏறும். ஏறும் ஈரம் சுமார் 80 கிராம். கிராமுக்கு 2.4 கிலோஜூல் வீதம் வெளிவருவது ஏறக்குறைய 200 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. அரைமணி நேரத்துக்கு மேல் அது விடுகிற வெப்பத்தைப் போர்வை தானே கொடுக்கிறது. முழுவதும் உடம்புக்கு வந்து சேராது, ஒரு பகுதி வெளியே போகும், வருவதும் மெதுவாகத்தான் வரும். ஆனால் கதகதப்பான அறையிலிருந்து பனிக்குள் காலெடுத்து வைக்கிற அந்த முதல் சில நிமிடங்களில், சரியாகத் தேவைப்படும் நேரத்தில் வருகிறது. அறைக்குள் திரும்பினால் ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், புழுக்கம் குறையும். அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீத ஈரத்தோடு நின்றுவிடுவதால் அதற்கு இந்த வித்தை தெரியாது.

வடிவத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது ருவானா. கொலம்பியாவின் பொயாக்கா பகுதியில், ஆண்டிஸ் மலைமேட்டில், உதகையைவிட உயரமான ஊர்களில் உழவர்கள் போர்த்துவது. அங்கே பூர்வகுடிகள் முன்பு உடுத்தியது பருத்திப் போர்வை. செம்மறி ஆடு ஸ்பானியரோடு கப்பலில் வந்தது. நோப்சா என்ற ஊர் இன்றும் ருவானா நெசவுக்குப் பேர்போனது. அமைப்பு மிக எளிது: ஒரு சதுரம், முன்பக்க நடுவில் கழுத்துவரை ஒரு திறப்பு. கையில்லை, பாக்கெட் இல்லை, அளவெடுப்பதும் பெயருக்குத்தான். கைகளை விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி வரும் நீளம் பெரும்பாலும் ஆளின் உயரத்தை ஒட்டியே இருக்கும். எனவே 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 150 செ.மீ. அகலத் துணி மணிக்கட்டை மூடிவிடும்.

ஒரே சதுரத்தை நடுவில் கத்தரிப்பதைவிட 75 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளமுள்ள இரண்டு பட்டிகளைச் சேர்ப்பது நல்லது. குறுகிய தறியில் நெய்பவர்கள் எப்போதும் செய்துவந்த முறைதான். பின்பக்க ஓரத்திலிருந்து 70 செ.மீ. வரை தைத்து நிறுத்துங்கள். மிச்சம் தைக்காத 80 செ.மீ. தானாகவே முன் திறப்பாகிவிடும். சரிபாதியில், 75-இல் நிறுத்தினால் தோள்மேட்டில் ஏறுவதற்கு முன்பக்கத்துக்கு நீளம் போதாமல் போர்வை பின்னால் இழுக்கும்.

சேர்க்கும் விதம்: வழக்கமான தையலில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துப் பிரித்து அழுத்துவோம். இங்கே வேண்டாம். ஓரம் பிரியாத துணி என்பதால் ஒன்றின்மேல் ஒன்றை 1 செ.மீ. ஏற்றி வைத்து, இரண்டு வரி ஓட்டினால் போதும். 16-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் மூன்றரை மி.மீ.க்குக் குறையாமல். சின்னத் தையல் வலு என்று நினைத்து நெருக்கி ஓட்டினால் நூல் துணியை அமுக்கி, அந்தக் கோடு முழுக்கக் காற்று வெளியேறிவிடும். 3 மி.மீ. தடிமன் 1 மி.மீ. ஆனால் அந்த இடத்தில் தடுப்பும் மூன்றில் ஒன்றாகும். மெஷினில் வேறொரு தொல்லையும் உண்டு. அடித்துணியைப் பல் முன்னே இழுக்கும், மேல்துணியைப் பிரஷர் ஃபுட் பிடித்து நிறுத்தும். தடித்த கம்பளியில் இந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து 70 செ.மீ. முடிவில் ஒரு பட்டி நன்றாகவே நீண்டு நிற்கும். ஃபுட்டுக்கு மேலே உள்ள திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். அதற்கு முன் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் கட்டிப்போடுங்கள். குண்டூசி மட்டும் நம்பினால் நகரும்.

தையல் முடிகிற இடம், பிடரிக்கு நேரே, இந்தப் போர்வையின் பலவீனமான புள்ளி. 1913-இல் சார்லஸ் இங்கிலிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பொறியாளர் கப்பல் தகடுகளில் துளையும் விரிசலும் எப்படி வேலை செய்கின்றன என்று கணக்கிட்டார். தகட்டை இழுக்கும்போது வட்டத் துளையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகிறது. துளை நீண்டு நுனி கூர்மையாகக் கூர்மையாக அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகிறது. கூரிய நுனியை வட்டமாக்கினால் குறைகிறது. போர்வையின் திறப்பும் ஒரு விரிசல்தான். தலையை நுழைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் நுனியில் இழுக்கிறோம். அந்த இடத்தில் அதே துணியில் வெட்டிய சிறு அரைவட்டத் துண்டை உள்ளே வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். முக்கோணமாக வெட்டாதீர்கள், மூலை இருந்தால் விசை அங்கே போய் உட்காரும்.

சுற்று ஓரங்களைக் கூர்மையான கத்தரியால் நேராக்கி அப்படியே விடலாம். சும்மா விட மனம் வராவிட்டால் தடித்த கம்பளி நூலில் ஒன்றரை செ.மீ. இடைவெளியில் கம்பளித் தையல் போடலாம். அது ஓரத்தைச் சுற்றித் தழுவுமே தவிர அமுக்காது. தையலில் சுருக்கம் விழுந்தால் நீராவி காட்டுங்கள். கெரட்டின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் அவிழ்ந்து, ஆறும்போது புதிய நிலையில் கட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் இறக்கி, கையால் நீவி, ஆறவிடுங்கள். பெட்டியை வைத்து அழுத்தினால் படுத்த இழைகள் படுத்த நிலையிலேயே பிணைந்துவிடும்.

உடுத்தும்போது வலப்பக்கத் தலைப்பை இடத் தோளுக்கு மேல் வீசிப் போடுங்கள், அழகுக்கு மட்டுமல்ல. உடையின் வெப்பத் தடுப்பை அளக்க 1941-இல் உருவான ‘க்ளோ’ என்ற அலகு இருக்கிறது. 21 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கத் தேவையான உடை 1 க்ளோ; ஒரு கோட்-சூட் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். நம் 3 மி.மீ. துணி ஒரு மடிப்பில் சுமார் அரை க்ளோ, மார்பில் இரண்டு மடிப்பானால் ஒன்று. அதைவிட முக்கியம் கழுத்து. உடம்பைத் தொட்ட காற்று சூடாகி மேலே ஏறும். ஷ்லீரன் என்ற ஒளியியல் முறையில் படமெடுத்தால் நிற்கும் மனிதரின் தோலை ஒட்டி அது காலிலிருந்து தலைக்கு ஓடுவது தெரியும். கழுத்து திறந்திருந்தால் போர்வைக்குள் சேர்ந்த சூடு அந்த வழியே போய், கீழ் ஓரத்தில் குளிர்காற்று ஏறும். வீசிப் போட்ட தலைப்பு அந்தப் புகைபோக்கியை அடைத்துவிடுகிறது.

துவைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இனிமேல் சுருங்கக் கூடாது என்பதால் குளிர்ந்த நீர், மென்மையான திரவ சோப்பு, கசக்காமல் அமுக்கி எடுத்தல், தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தல். பிளீச்சிங் திரவம் பக்கமே வரக் கூடாது. ஹைப்போகுளோரைட் கெரட்டினைக் கரைத்தே விடும். கறையைத் ‘தின்னும்’ என்சைம் பவுடரும் ஆகாது. அதிலுள்ள புரோட்டியேஸ் புரதத்தை அறுப்பது. கறையின் புரதம், போர்வையின் புரதம் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

வைத்துப் பாதுகாப்பதில்தான் வீட்டுக்கு வீடு தவறு நடக்கிறது. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது. கெரட்டினின் கந்தகப் பிணைப்பை முறிக்க அநேக உயிர்களால் முடியாது. இந்தப் புழுவின் காரம் மிகுந்த குடல் அதைச் செய்கிறது. வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட இடத்தைத் தேடித் தின்னும் என்பதால், அழுக்கோடு மடித்து வைப்பதுதான் அதற்கு நாம் வைக்கும் விருந்து. பாச்சை உருண்டையை நான் போடுவதில்லை. நாஃப்தலீன் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாட்டோடு பிறந்த குழந்தையை அந்தத் துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றக்கூடும். அந்தக் குறைபாடு நம் நாட்டில் அரிதல்ல. குழந்தைக்குப் போர்த்தத்தான் பெரும்பாலும் பீரோவின் அடித்தட்டிலிருந்து கம்பளியை எடுக்கிறோம்.

புழு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், உலர்ந்த போர்வையைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த துணியில் அறையின் ஈரம் படிந்து நனைத்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் கட்டியபடியே இருக்கட்டும். ஆறு லிட்டர் காற்றை வைத்திருக்கும் பொருள் என்பதால், அந்தச் சூடு உள்ளே போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும்.